கல்சுவருக்கு வெளியே தெலெஸ்

“எனக்குச் சம்மதமில்ல” என்று சொல்லிவிட்டுத்தான் தெலெஸ் உட்கார இடம் பார்ப்பார். என்ன விஷயம் என்று பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஏதென்ஸ் நகரத்துக்கு அருகே ஹிமெத்தோஸ் மலையடிவாரத்தில், கோயில் ஆலிவ் மரங்களுக்கு நடுவே ஊர்க்கூட்டம் கூடும்போது முன்னால் கிடக்கும் தட்டைப்பாறை அவருடையது. வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார். அவர்கள் எழுந்து போகும்வரை எதிரே நின்று பூண்டு உரித்துத் தின்பார்.

திராட்சைத் தோட்டக்காரர். கவாத்துக் கத்தி எப்போதும் இடுப்பில் இருக்கும், கல்யாணத்துக்குப் போனாலும். மழைக்கும் வெயிலுக்கும் ஒரே கம்பளித் தொப்பிதான். எங்கள் ஊரில் ஒரு பலிபீடம் உண்டு. அங்கே வெட்டும் ஆட்டை அங்கேயே தின்று தீர்க்க வேண்டும், வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. பலி கொடுக்கும் அன்றைக்குத் தெலெஸுக்குச் சாப்பாட்டில் கவனம் இராது. ஒவ்வொருவர் மேலாடையையும் பார்த்துக்கொண்டே இருப்பார். “ஏப்பா, உன் துணிக்குள்ள ஆடு கத்துதே, கேக்கலையா?” என்பார். பிடிபட்டவன் தொடைக்கறியை வெளியே எடுத்துத் தலைகுனிந்து மெல்லுவான்.

ஒரு வருஷம் குலுக்கலில் ஊர்த்தலைமை அவருக்கே விழுந்தது. தானே ஒரு யோசனையைச் சொல்லி, தானே எதிர்த்துப் பேசி, அது தோற்றதும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

அவரிடம் ஒரு கதை உண்டு. குடித்தாலும் சொல்வார், குடிக்காவிட்டாலும் சொல்வார். அடுத்த தோட்டத்து ஹெகியாஸ் சுவர் கட்டி மழைத்தண்ணீரை இவர் கொடிகளின் வேர் அரிக்கும்படி திருப்பிவிட்டான். இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது. பிறகு ஹெகியாஸுக்கு மகன் பிறந்து, பிள்ளைக்குப் பெயர் வைக்கும் பத்தாம் நாள் விருந்துக்குத் தெருவையே அழைத்தான், தெலெஸைத் தவிர. “தெருநாய் உள்ள போச்சுப்பா. நான் சுவருக்கு வெளியில நின்னேன்” என்று முடிப்பார். கொஞ்ச நாளில் ஹெகியாஸ் கயிறு திரிக்கும் தொழிலுக்காகப் பெண்டாட்டி பிள்ளையோடு பிரேயஸ் துறைமுகத்துக்குக் குடிபோய்விட்டான். ஆள் போனாலும் கதை போகவில்லை.

துறைமுகத்துக்குப் போனால் என்ன, எங்கே வாழ்ந்தாலும் ஒருவனுக்கு ஊர் அவன் பாட்டன் ஊர்தான். பதினெட்டு வயதானதும் இங்கே வந்து நிற்க வேண்டும். அப்பன், அம்மா இரண்டு பேருமே ஏதென்ஸ்காரர்களாக இருக்க வேண்டும். ஊரார் ஜாடியில் வாக்குக் கல்லைப் போட்டு “இவன் எங்கள் ஆள்” என்றால்தான் ஏதென்ஸில் அவன் குடிமகன். மறுத்துவிட்டால் நகரத்து நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கேயும் தோற்றால் அடிமையாக விற்றுவிடுவார்கள்.

சென்ற கோடையில் ஹெகியாஸ் தன் மகன் நிக்கியோனைக் கூட்டி வந்தான். கப்பல்காரர்கள் மாதிரி இழுத்து இழுத்துப் பேசும் பையன். ஊர்த்தலைவர், “யாருக்காவது ஆட்சேபம் உண்டா?” என்றதும் எல்லாக் கண்ணும் பாறைக்குத் திரும்பியது. ஆனால் முந்திக்கொண்டவர் பிலாக்ரோஸ். ஹெகியாஸ் விட்டுப்போன நிலத்தில் ஆடு மேய்த்துப் பழகிவிட்டவர்.

“ஹெகியாஸ் இங்கேருந்து போறப்பப் பிள்ளையே கிடையாது. இவன் துறைமுகத்துல எவளோ வெளிநாட்டுக்காரிக்குப் பொறந்தவன். பேச்சைக் கேட்டாலே தெரியலையா?”

“பொய். இங்கதான் பொறந்தான்” என்றான் ஹெகியாஸ். அந்த விருந்தைச் சாப்பிட்ட இரண்டு பேர் போர்க்கப்பலில் போய்த் திரும்பவில்லை. ஒரு கிழவருக்கு நேற்றுச் சாப்பிட்டதே ஞாபகமில்லை. மீதிப் பேர் ஹெகியாஸின் சொந்தக்காரர்கள். அவர்கள் சொன்னால் எடுபடாது.

“தெலெஸ் அண்ணே, நீங்களே சொல்லுங்க” என்றார் பிலாக்ரோஸ், வெல்லும் தெம்போடு.

தெலெஸ் பூண்டுத் தோலை ஊதிவிட்டு எழுந்தார். “எனக்குச் சம்மதமில்ல.”

ஹெகியாஸ் கண்ணை மூடிக்கொண்டான். பையன் அப்பன் கையைப் பிடித்தான்.

“பிலாக்ரோஸு சொல்றதுலதான் சம்மதமில்ல. பிள்ளையே பொறக்கலைன்னா, எந்த விருந்துக்குய்யா என்னை இவன் கூப்பிடாம விட்டான்?”

கூட்டம் சிரித்தது.

“சிரிக்காதீங்க. கணவாய் மீன் வறுக்கிற வாசனை என் தோட்டம் வரைக்கும் வந்துச்சு. சுவருக்கு வெளியில நின்னு பார்த்தேன். இவன் பிள்ளையைத் தூக்கி, தன் அப்பன் பேரை வச்சு நிக்கியோன்னான். பக்கத்துல இவன் பொண்டாட்டி பிலிஸ்தா, நம்ம ஊர் மெனோன் மக, வெளுத்துப்போய் உக்காந்திருந்தா. அன்னைக்கு நான் திட்டின திட்டு ஊருக்கே கேட்டுச்சு. கேக்கலைன்னு ஒருத்தர் சொல்லுங்க பாப்போம்.”

அந்தக் கதையைக் கேட்காத காது ஊரில் கிடையாது. எப்படிச் சொல்ல முடியும்?

“இத்தனை வருஷமாக் கோபப்பட்டுட்டு இருக்கேன். அதைப் போய்ப் பொய்யாக்கப் பாக்குறியா பிலாக்ரோஸு?” என்றவர், நேரே போய்ப் பலிபீடத்தில் கை வைத்துச் சத்தியமும் செய்தார். சொந்தக்காரன் சத்தியத்தைச் சந்தேகப்படலாம். ஜென்மப் பகையாளி சத்தியத்தை எப்படிச் சந்தேகப்படுவது? ஜாடியைக் கவிழ்த்தபோது மறுப்புக் கற்கள் ஒரு கைப்பிடிகூட இல்லை. நன்றி சொல்ல ஓடிவந்த ஹெகியாஸிடம், “தண்ணி விஷயம் இன்னும் தீரல, தெரிஞ்சுக்க” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நிக்கியோன் இப்போது எல்லைக் கோட்டையில் கேடயம் பிடித்துக் காவல் நிற்கிறான். ஹெகியாஸ் ஊர்வீட்டுக்கே திரும்பிவிட்டான். நிலமெல்லாம் கொத்தியாயிற்று, பிலாக்ரோஸின் ஆடுகள் மலையேறுகின்றன. குளிர்காலத்தில் பிலிஸ்தாவுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. மகன் விஷயத்தில் பட்ட பயம் போதும் என்று, பத்தாம் நாள் விருந்தை ஊர் கூட்டி வைத்தான். முதல் அழைப்பு தெலெஸுக்கு. “எனக்குச் சம்மதமில்ல” என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ஆனால் அன்றைக்குக் குளித்து, திருவிழா மேலாடை போட்டுக்கொண்டு வந்து அதே கல்சுவருக்கு வெளியே நின்றார். “உள்ள வாங்கண்ணே” என்று ஹெகியாஸ் கூப்பிட்டுப் பார்த்தான். அவர் வானத்தைப் பார்த்தார். கடைசியில் பிலிஸ்தாவே குழந்தையை ஒரு கையால் மார்போடு அணைத்தபடி வந்து, வறுத்த கணவாய்த் தட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போனாள். தெலெஸ் கொஞ்ச நேரம் தட்டை முறைத்தார். பிறகு நின்ற இடத்திலேயே தின்றார். எண்ணெயை ரொட்டியால் வழித்துத் துடைத்துவிட்டு, வெறும் தட்டைச் சுவருக்கு உள்பக்கம் நீட்டினார்.