ஒரு நாள் மூத்தவள்

முதலில் மன்னிப்பு கேட்டுவிடுகிறேன். வாரா வாரம் இந்த இடத்தில் ஜாக்கெட் கை இறுக்கம், மிஷின் ரிப்பேர், தீபாவளி நேரத்துக் கரண்ட் கட் என்று எனக்குத் தெரிந்ததை எழுதிக்கொண்டிருந்தேன். நீங்களும் பொறுமையாகப் படித்தீர்கள். இந்த வாரம் மல்யுத்தம்.

பத்தாவது வரை படித்த ஒரு தையல்காரிக்கு மல்யுத்த விதியைப் பற்றிப் பேச என்ன தகுதி? ஒன்றும் இல்லை. பஸ்ஸில் “இறங்கணும்” என்று சத்தமாகச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வருகிற ஆள் நான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்துவிட்டேன். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மீதியை இங்கே எழுதுகிறேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் நித்யா பத்தாவது படிக்கிறாள். மூன்று வருடமாக மல்யுத்தம் கற்றுக்கொள்கிறாள். திருவொற்றியூரில் என் கடைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி ஒரு ஷெட். அதில் மேட் விரித்துப் பதினான்கு பெண்கள் பழகுகிறார்கள். அவர்கள் போட்டியில் போடுகிற காஸ்ட்யூமை — உடம்போடு ஒட்டின ஒற்றை உடுப்பு — தைத்துத் தருவது நான்தான். அதனால் அந்தப் பெண்களின் ஆட்டம் எனக்குத் தெரியாவிட்டாலும் அளவு தெரியும். ஒரே வயது, ஒரே வகுப்பு, பக்கத்துப் பக்கத்து பெஞ்ச். ஒருத்திக்கு மார்பளவு இருபத்தைந்து, இன்னொருத்திக்கு முப்பத்துமூன்று. டேப் பொய் சொல்லாது.

ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில் செலக்‌ஷன். முதலில் வருகிறவள் மாநிலப் போட்டிக்குப் போவாள். நித்யா பதினைந்து வயதுப் பிரிவில் முதலில் வருவாள் என்று அவளும் நம்பினாள், பழக்குகிற மாஸ்டரும் நம்பினார். “பதினஞ்சு முடிஞ்சு ஒன்றரை மாசம்தானே ஆச்சு” என்பது எங்கள் கணக்கு.

பெயர் பதிகிற மேசையில் உட்கார்ந்திருந்த சாரின் கணக்கு வேறு. பிறப்புச் சர்ட்டிஃபிகேட்டைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

“டிசம்பர் முப்பத்தொண்ணா? அடடா... பாப்பா பதினஞ்சுல வராதும்மா. இந்த வருஷத்துக்குள்ள பதினஞ்சு முடியறவங்கதான் அதுல. இவளுக்குப் போன வருஷமே முடிஞ்சு போச்சு. பதினேழுல போடுறேன்.”

“எத்தனை நாள் சார் வித்தியாசம்?”

“ஒரு நாள்.”

எனக்குப் பின்னால் நின்ற தாஸ் அண்ணன் கைதட்டிச் சிரித்தார். மீன் மொத்த வியாபாரம் செய்கிறவர். அவர் மகள் ரேகாவும் எங்கள் ஷெட்தான்.

“இன்னாக்கா நீ! ஒரு நாள் அடக்கிக்கினு இருந்திருக்கக் கூடாதா? நியூ இயர் பாப்பான்னு ஆஸ்பத்திரில கேக்காச்சும் குடுத்துருப்பாங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் அது என் வயிற்றில் பழைய இடத்தில் போய்க் குத்தியது.

ஏனென்றால் நித்யா ஆபரேஷனில் பிறந்தவள். “இன்னிக்கு வெச்சுக்கலாமா, நாளைக்கு வெச்சுக்கலாமா?” என்று டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார். புத்தாண்டு அன்று ஆஸ்பத்திரியில் யார் இருப்பார்களோ என்று பயந்து, “இன்னிக்கே எடுத்துடுங்க மேடம்” என்றேன். ஒரு டாக்டரிடம் நான் துணிந்து சொன்ன ஒரே விஷயம். அது பதினைந்து வருடம் கழித்து இந்த மேசையில் வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்?

சரி, விதி விதிதான் என்று நகர்ந்தேன். அப்போதுதான் எடை பார்க்கிற இடத்தைக் கவனித்தேன்.

ஒரு பெண் இருநூறு கிராம் கூடுதலாக இருந்தாள். யாராவது அவளை மேல் பிரிவில் போட்டார்களா? இல்லை. “டைம் கீது, ஓடிட்டு வாம்மா” என்றார்கள். அந்த வெயிலில் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றினாள். அதிலும் எடை குறையட்டும் என்று ஒரு மக்கில் எச்சில் துப்பிக்கொண்டே இருந்தாள். அவள் அம்மா பின்னால் துண்டோடு ஓடினாள். அரை மணி நேரத்தில் வந்து தராசில் ஏறினாள். சரியாக இருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

கைதட்டிவிட்டு அப்படியே மேசைக்குத் திரும்பிப் போனேன். எப்படிப் போனேன் என்று இன்னும் தெரியவில்லை.

“சார்... இருநூறு கிராம் கூடினா ஓடிட்டு வான்னு சொல்றீங்க. ஒரு நாள் கூடினா என் பொண்ணு எங்க ஓடணும்?”

அவர் நிமிர்ந்து பார்த்தார். கெட்டவர் இல்லை. காலையிலிருந்து டீ கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தவர்.

“கோடு எங்கயாவது போடணுமேம்மா. உங்களுக்காக ஒரு நாள் தள்ளினா, முப்பதாந்தேதி பெத்தவங்க வந்து நிப்பாங்க. அப்புறம் இருபத்தொம்போது.”

நியாயம்தான். கோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

“போடுங்க சார். ஆனா வருஷா வருஷம் ஒரே எடத்துல ஏன் போடணும்? ஒரு வருஷம் ஜனவரி, அடுத்த வருஷம் ஜூலைன்னு மாத்தினா? டிசம்பர்ல பொறந்ததுங்க எப்பவுமே கடைக்குட்டியா அடி வாங்க வேணாமே? இந்த வருஷம் அடி வாங்குனது அடுத்த வருஷம் நிமிரும்ல?”

பின்னால் இருந்தவர்கள் முனக ஆரம்பித்தார்கள். “யக்கா, மீட்டிங்க அப்புறம் போடுக்கா. பசங்க காலைலேர்ந்து பட்டினியா கீதுங்க!”

சார் சிரித்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா விதி போடறது நான் இல்லம்மா. டெல்லிக்கு எழுதுங்க. இப்ப நகருங்க.”

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். நான் “எழுதறேன் சார்” என்றேன்.

பதினேழு வயதுப் பிரிவு, நாற்பத்துமூன்று கிலோ. நித்யாவுக்கு எதிரில் வந்தவள் ஜனவரியில் பதினேழு முடித்தவள். எடை ஒன்றுதான். ஆனால் தராசுக்கு எடை மட்டும்தான் தெரியும். அந்தப் பெண்ணின் தோளும் முன்கையும் என் டேப்பில் வேறு கணக்கு.

விசில் ஊதுவதற்கு முன் ரெஃபரி நித்யாவின் தோள்பட்டையைப் பிடித்து இழுத்தார். துணி கையோடு வந்தது.

“யாரும்மா தைச்சது? இவ்ளோ லூசா இருந்தா எதிராளி துணியைப் பிடிச்சுடுவா. டைட் பண்ணிட்டு வா.”

தைத்தவள் நான். மற்ற பதின்மூன்று பேருக்கும் அளவாகத் தைத்தேன். சொந்த மகளுக்கு மட்டும் ‘வளர்கிற பிள்ளையாச்சே’ என்று இரண்டு இன்ச் விட்டுத் தைத்திருந்தேன். எந்த அம்மாவும் செய்கிற தப்புதான்... தையல்காரி செய்யலாமா? பையிலிருந்த ஊசி நூலை எடுத்து, மேட் ஓரத்தில் அவளை நிற்க வைத்து, முதுகில் மடித்துப் பிடித்துத் தைத்தேன். நூலைப் பல்லால் கடிக்கும்போது அவள் முதுகு துடித்தது என் உதட்டில் தெரிந்தது.

“பயமா இருக்கா?”

“சும்மா இரும்மா. எல்லாரும் பாக்கறாங்க.”

ஆறுக்கு எட்டு என்று தோற்றாள். கடைசி அரை நிமிடம் வரை அவள்தான் முன்னால் இருந்தாள். முதுகை மேட்டில் ஒட்ட விடவே இல்லை. கை கொடுக்கும்போது ஜெயித்த பெண் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள்: “உனக்கு எத்தினி வயசு தங்கச்சி? இன்னா கிரிப்புடி இது!”

பதினைந்து பிரிவில் ரேகா ஜெயித்தாள்.

திரும்பும்போது ரயிலில் தாஸ் அண்ணன் எதிர் சீட்டில் உட்கார்ந்தார். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

“யக்கா, தப்பா நெனைக்காத. நித்யா நல்லா ஆட்றா. இன்னும் ஒரு செலக்‌ஷன் கீது, அடுத்த மாசம். எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் கீறான். சர்ட்டிஃபிகேட் புதுசா போட்டுக் குடுப்பான். ஒரே ஒரு நாள்தான? ரேகாவுக்கு நான் வயசுல எட்டு மாசமே எறக்கிட்டேன். நாளைக்கு வர்றேன், ஆதார் ஜெராக்ஸ் மட்டும் குடு.”

ரேகா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பாவம், அவளிடம் யார் கேட்டார்கள்?

நித்யா பொரி தின்றுகொண்டிருந்தாள். நிறுத்தாமலே சொன்னாள்: “அங்கிள், அப்ப முப்பத்தொண்ணாந்தேதி எங்கம்மா வயித்தைக் கிழிச்சு யாரை எடுத்தாங்களாம்?”

“வாயைப் பாரு, வாயை!” என்றார் தாஸ் அண்ணன்.

 உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன் — ஜெராக்ஸ் பையில்தான் இருந்தது. கையும் அதன் மேல்தான் இருந்தது. ஒரு நாள். யாருக்கு என்ன நஷ்டம்? அந்த ஒரு நாளை அன்று பயத்தில் பறித்தவளே நான்தானே, நானே திருப்பித் தந்தால் என்ன?

வீட்டுக்கு வந்ததும் கணவருக்குப் போன் செய்தேன். டிரெய்லர் ஓட்டுகிறார், ஹார்பர் வாசலில் கியூவில் நின்றுகொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “எல்லாரும் செய்யறாங்களாமே... உனக்கு இன்னா தோணுது?” என்றார். “தெரியல” என்றேன்.

அப்புறம் நித்யாவின் உடுப்பைத் துவைக்க எடுத்தேன். முதுகில் நான் அவசரமாகப் போட்ட தையல் கோணலாக ஓடியிருந்தது. உள்ளே அந்த இரண்டு இன்ச் துணி அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெளிவாகிவிட்டது.

பிள்ளைகள் வளர்வார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைக்கிறோம். விதி எழுதுகிறவர்கள் அந்தத் துணியை விடவே இல்லை. கத்தரித்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக இங்கே ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையைக் கத்தரிக்கிறார்கள் — ஒருத்தர் ஒரு நாள், ஒருத்தர் எட்டு மாதம். உடுப்பு சேரவில்லை என்றால் உடுப்பைத்தான் பிரித்துத் தைக்க வேண்டும். எந்த ஊரில் உடம்பை வெட்டுவார்கள்?

என் மகள் ஒரு நாள் மூத்தவள். அந்த நாளில்தான் அவள் முதல் முறை அழுதாள், நான் கேட்டேன். அதை நான் யாருக்கும் தருவதாக இல்லை. விதி எழுதுகிறவர்கள் போட்ட கோட்டைத்தான் நகர்த்த வேண்டும் — ஒரு வருடம் ஜனவரி, ஒரு வருடம் ஜூலை. படித்தவர்கள் யாராவது இதைவிட நல்ல வழி சொன்னால் அதையும் கேட்டுக்கொள்கிறேன். இதே விஷயத்தை டெல்லிக்கும் எழுதி, கவரில் போட்டு ஒட்டிவிட்டேன். பிழை இருந்தால் மன்னிக்கட்டும்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குத் தாஸ் அண்ணன் கடைக்கு வந்து ஜெராக்ஸ் கேட்டார். தர மாட்டேன் என்றேன்.