ஓரம் வெட்டிய படமும் ஒரு இலைக்கோழியும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கும்மிடிப்பூண்டிக்குப் போனேன். காரணம் ஒன்றே ஒன்று, நீளவால் இலைக்கோழி. அல்லி இலைமேல் நடக்கும் பறவை. ஆவணி வாக்கில் அதன் கறுப்பு வால் நீண்டு வளைந்து நிற்கும். போன வருடம் தொழிற்பேட்டைக்குப் பின்னாலுள்ள ஏரியில் ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்ததைப் படமெடுத்து இணையத்தில் போட்டேன். அன்றிலிருந்து அதே நினைப்புதான். "என்னை ஒரு நாளாவது இப்படித் தேடியிருக்கீங்களா?" என்று வீட்டுக்காரி கேட்டேவிட்டாள்.

சென்ட்ரலிலிருந்து விடியற்காலை புறநகர் ரயில். ஒன்றரை மணி நேரம், பதினைந்து ரூபாய். ஸ்டேஷன் வாசலில் நாலு இட்லி முப்பது ரூபாய். அங்கிருந்து ஏரி ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது. கூடு வைக்கும் இடம் என்பதால் ஏரியின் பெயரை எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"ஏரிக்கா? அங்க இன்னா சார் கீது?" என்றார் ஆட்டோக்காரர்.

"பறவை பார்க்க."

"பறவைக்கு வேற எடமே கெடைக்கலியா?"

ஏழு மணிக்குக் கரையேறினேன். வாடை குப்பென்று அடித்தது. அல்லி இலைகளில் பாதி கருகியிருந்தன. நெடுங்கால் உள்ளான்கள் மட்டும் நாற்பதுக்கு மேல். அவை அழுக்குத் தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும், அதனால் எண்ணிக்கை பெரிதாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். இலைக்கோழியைத் தேடி இரண்டு மணி நேரம் கண் வலிக்க உட்கார்ந்திருந்தேன். பூனை கத்துவதுபோன்ற அதன் குரல் ஒருதரம் கேட்டால் போதும் என்றிருந்தது. கேட்கவில்லை.

ஒன்பது மணிக்கு ஒரு பெண், ஆடுகளைத் தண்ணீர்ப் பக்கம் போகவிடாமல் விரட்டிக்கொண்டு வந்தார். பெயர் மேரி. வாரநாளில் தொழிற்பேட்டைக் கம்பெனியில் துப்புரவு வேலை, ஞாயிறானால் ஆடு. கேமராவைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"போன வர்சம் வால் குருவி படம் போட்டது நீங்கதானே சார்? எங்க ஊரு வாட்ஸ்அப்புல வந்துச்சே."

பெருமையாக ஆமாம் என்றேன். மடையன்!

"நல்லா பண்ணீங்கோ போங்க. தண்ணில நுரை வருது, ஆடு குடிச்சா வயிறு ஊதிச் சாவுதுன்னு ஊரே சேந்து மனு குடுத்தோம். கம்பெனிலேர்ந்து ஒரு ஆளு வந்தாரு. போன்ல உங்க படத்தக் காட்டி, 'தண்ணி கெட்டிருந்தா குருவி முட்டை வைக்குமா'ன்னாரு. நாங்க இன்னா சொல்றது? மனு அப்டியே நின்னுகினு கீது."

அந்தப் படத்தின் கீழ்ப்பக்கம் ஒரு கழிவுநீர்க் குழாயும் வெள்ளை நுரையும் இருந்தன. நான்தான் வெட்டினேன். பறவை பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். மின்கம்பி, பிளாஸ்டிக், நுரை எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, பறவையை ஏதோ சொர்க்கத்தில் வாழ்வதுபோல் காட்டுவோம். வெட்கமாக இருந்தது.

வெட்டாத மூலப்படம் போனில் இருந்தது. அங்கேயே அவருக்கு அனுப்பினேன். பெரிதாக்கிப் பார்த்தார்.

"இத அப்பவே போட்டுருக்கலாமே சார்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போகிறவர்களுக்கு: தண்ணீர் இரண்டு லிட்டர் கொண்டுபோங்கள், கரையில் கடை கிடையாது. பத்து மணிக்குள் கிளம்பிவிடுங்கள், வெயில் தாங்காது. கூட்டுக்கு நூறு அடி தள்ளியே நில்லுங்கள். படத்தின் ஓரத்தைத் தயவுசெய்து வெட்டாதீர்கள். பறவை எதில் நிற்கிறது என்பதும் படம்தான்.

நேற்று மேரி போன் செய்தார். பதறி எடுத்தேன். படத்தைச் சேர்த்து மறுபடி மனு கொடுத்துவிட்டார்களாம், தண்ணீர் எடுத்துச் சோதிக்க அதிகாரி வருகிறாராம்.

"குருவி வந்துச்சா?" என்றேன், அடக்க முடியாமல்.

"அது வந்தா நானே சொல்றேன் சார். நீங்க மொதல்ல தண்ணியப் படம் புடிக்க வாங்க."