இறால் வடைக்குப் பக்குவம் கேட்ட நாள்

எங்கள் அம்மாவைப் போல் கூசாமல் பொய் சொல்ல யாராலும் முடியாது. ஒன்பது வயதில் அதை நான் கண்ணால் பார்த்தேன். திண்டிவனத்து வீட்டில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம், அடுப்படியில் நின்றுகொண்டு, "எனக்கு எறா வடை சுடவே வரலம்மா" என்று போனில் சொன்னாள். அதற்கு முந்தின மூன்று கிறிஸ்துமஸுக்கும் அவள்தான் சுட்டாள். தட்டு தட்டாகத் தின்றவள் நான்.

போனின் அந்தப் பக்கம் இருந்தது அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. விழுப்புரம் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிர் போடுகிற குடும்பத்துப் பையனை, மாதா கோயிலிலும் இல்லாமல் அவர்கள் கோயிலிலும் இல்லாமல், ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்டு போனவள். அதோடு அப்பா பேச்சை நிறுத்தினார். "வரக்கூடாதுன்னு நான் சொன்னனா? வந்தா வரட்டும். நான் கூப்ட மாட்டேன்" என்பார். "அண்ணன் ஒரு வார்த்த கூப்டட்டும், அடுத்த பஸ்ஸுக்கே வர்றேன்" என்பாள் அத்தை. ஒரு மணி நேரப் பஸ் பயணம்தான். அந்த ஒரு வார்த்தைதான் மூன்று வருஷமாக வரவில்லை.

எனக்கு அத்தை வேண்டும். அவ்வளவுதான். பண்டிகை மேஜையில் பிரியாணிக்கு முன்னால் வைக்கிற வடையில் முதல் வடை எனக்குத்தான் என்று சட்டம் போட்டவள் அவள். சூடு ஆற ஊதி ஊதி வாயில் வைப்பாள். அம்மாவின் வடையும் ருசிதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அம்மா ஊதித் தரமாட்டாள். நாக்குச் சுட்டால், "தண்ணி குடி" என்பாள்.

அன்று மரக்காணத்திலிருந்து மொபெட்டில் வருகிற மீன்காரரிடம் அப்பாவே பொடி இறால் வாங்கிவந்து வைத்துவிட்டு, கூடத்தில் வைக்கோலில் கிறிஸ்துமஸ் குடில் கட்ட உட்கார்ந்துவிட்டார். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு, கூடத்துப் பக்கம் திருப்பி, மிக்சி மேல் சாய்த்து வைத்தாள். "கையெல்லாம் ஈரம்" என்றாள் என்னிடம். கை காய்ந்துதான் இருந்தது.

"கடலப்பருப்ப ரெண்டு மணி நேரம் ஊற வைங்க அண்ணி." அத்தையின் குரல் வீடெல்லாம் கேட்டது. "எறால கழுவி, மஞ்சத்தூளு உப்பு போட்டு, தண்ணி சுண்டற வரைக்கும் வாணல்ல பெரட்டுங்க. ஜல்தியா எறக்கிடாதீங்க, தண்ணி நின்னா வடை ஒடஞ்சி பூடும்."

"அய்யோ, அப்டியா!" என்றாள் அம்மா.

"அம்மா, உனக்குத்தான்..." என்று நான் ஆரம்பித்தேன். தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது.

"பருப்ப கொரகொரன்னு அரச்சிக்கினு, எறாலு, சின்ன வெங்காயம், சோம்பு, கறிவேப்பில எல்லாம் போட்டு பெசைங்க. பச்ச மொளகா மட்டும் ஒடனே போடாதீங்க." அத்தை கொஞ்சம் நிறுத்தினாள். "அண்ணனுக்கு வயிறு எரியும். அவருக்கு ஒரு பத்து வடைக்கி எடுத்து வச்சிட்டு, அப்பறமா போடுங்க."

கூடத்தில் வைக்கோல் சரசரப்பு நின்றது. அத்தை போனை வைக்கவில்லை. அம்மா கூடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி அண்ணி, வச்சிடறேன்" என்று கடைசியில் அத்தைதான் வைத்தாள்.

ஐந்து நிமிஷம் கழித்து அப்பா அடுப்படி வாசலில் வந்து நின்றார். அடுப்படிப் பக்கம் வருகிற ஆளே இல்லை அவர். குடிலில் வைக்கிற ஆட்டுக்குட்டி பொம்மை ஒன்று கையில் அப்படியே இருந்தது.

"பருப்பு கொரகொரன்னா, நைசாவா? எனக்கு சரியா கேக்கல" என்றார். "இன்னொரு தபா போன் போடு. நானே கேட்டுடறேன்."

அம்மா போனை எடுத்துவிட்டாள். அதற்குள் நான் முந்திக்கொண்டேன். இன்றைக்கு நினைத்தாலும் என் வாயிலேயே ஒன்று போடத் தோன்றுகிறது. மாதா கோயில் மறைக்கல்வி வகுப்பில் ஒப்புவிப்பதில் எனக்குத்தான் முதல் பரிசு, விடுவேனா? "போன் எதுக்குப்பா? எனக்கு எல்லாமே தெரியும்!" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்று, பருப்பு ஊறவைப்பதிலிருந்து பத்து வடைக்கு எடுத்து வைப்பது வரை, ஒரு சொல் பிசகாமல் அத்தை குரலிலேயே சொல்லி முடித்தேன்.

அப்பா கடைசி வரைக்கும் நின்று கேட்டார். "கெட்டிக்காரி" என்று என் தலையைத் தொட்டுவிட்டு, குடில் கட்டத் திரும்பிப் போய்விட்டார்.

அம்மா கையிலிருந்த போனைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு அதை அலமாரியில் வைத்துவிட்டு, "ஒனக்கு எதுக்குடி இவ்ளோ ஞாபக சக்தி?" என்றாள்.

மறுநாள் மேஜையில் வடை இருந்தது, அத்தை இல்லை. சாப்பிட வந்தவர்களிடமெல்லாம் நான், அம்மாவே என் ஞாபக சக்தியைப் பாராட்டினாள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.