இருபத்துநாலு சுற்று

சாவியம்மா என்ற பெயர் அவளுக்கு வந்தது கையிலிருந்த இரும்புச் சாவியால். இடுப்பு உயரம் இருக்கும், மேலே குறுக்கே ஒரு கைப்பிடி. தெருவிலுள்ள குழியின் மூடியைத் தூக்கி, சாவியை உள்ளே இறக்கி வால்வைத் திருகினால்தான் வீட்டுக் குழாய்களில் தண்ணீர் வரும். அவளுக்கு முன் அந்தச் சாவி அவள் புருஷனுடையது. அவன் நெஞ்சு நோயில் போய்ச் சேர்ந்த பிறகு நீர் வாரியம் அந்த வேலையை அவளுக்கே கொடுத்தது. பதினோரு வருடமாகப் பதின்மூன்று தெருக்கள் அவள் கையால்தான் குளித்தன, சமைத்தன.

எந்த வால்வுக்கு எத்தனை சுற்று என்பது எழுத்தில் எங்கும் இல்லை. புருஷனுக்கு மூச்சு வாங்கத் தொடங்கிய நாட்களில் அவள்தான் கூடப் போய்த் திருகிக் கொடுத்தாள். அவன் பக்கத்தில் நின்று எண்ணுவான். கடைத்தெருவுக்குப் பதினெட்டு, பள்ளித் தெருவுக்கு இருபது, மேல்தெருவுக்கு ஐந்து. "அஞ்சோட நிறுத்திடு. அதுக்கு மேல கை வைக்காத" என்பான். ஏன் என்று அவள் கேட்டதில்லை. ஐந்தாவது சுற்றில் வால்வும் கல் மாதிரி இறுகி நிற்கும். முழுதாகத் திறந்தாயிற்று என்று அவள் கை நம்பியது.

மேல்தெரு என்பது நூற்றுப் பன்னிரண்டு படி ஏறிப் போக வேண்டிய தெரு. அங்கே தண்ணீர் ஊசி நூல்போல் வரும், சில நாள் அதுவும் வராது. மேட்டில் குடியிருந்தால் அப்படித்தான் என்று கீழே இருப்பவர்கள் சொன்னார்கள். சாவியம்மாவும் சொன்னாள்.

அந்தத் திங்கட்கிழமை, வால்வுக்கு எண்ணெய் போட வாரியத்தின் பைப் பிட்டர் வந்தான். வாய் ஓயாத ஆள். குழிக்குள் எண்ணெயை ஊற்றி ஊறவிட்டு, சாவியை வாங்கித் திருகினான். ஐந்தில் இறுகியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் அழுத்து அழுத்தினான். உள்ளே ஏதோ கிறீச்சிட்டு விட்டுக்கொடுத்தது. அப்புறம் அவன் கை நிற்கவே இல்லை.

"என்னக்கா இது? இருபத்துநாலு சுத்து வால்வு. துரு புடிச்சுக் கெடந்திருக்கு. நீங்க எத்தனை திறப்பீங்க?"

அவள் விரல்களை விரித்துக் காட்டினாள். சிரிக்கப் போனவன், சிரிக்கவில்லை.

அவனுக்குப் பழைய கதை தெரிந்திருந்தது. ஒரு காலத்தில் மேல்தெருவுக்குப் போனது சிமெண்ட் பைப். ஒருமுறை அழுத்தம் தாங்காமல் வெடித்தது. அப்போதிருந்த என்ஜினியர் ஐந்து சுற்றுக்கு மேல் திறக்கக் கூடாது என்று வாயால் உத்தரவு போட்டார். பிறகு இரும்பு பைப் வந்தது. அதைப் பதித்த இரண்டு மாதமும் சாவியம்மாவின் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தான், திரும்பி வரவில்லை. உத்தரவு போட்டவரோ அதை ரத்து செய்ய மறந்து ஓய்வு பெற்றுப் போனார். ஒரு செத்துப்போன பைப்புக்காகப் போட்ட உத்தரவு, பதினோரு வருடமாக அவள் கையில் உயிரோடு இருந்திருக்கிறது.

அவள் முகத்தைப் பார்த்த பிட்டர் பயந்துபோய் வால்வை மறுபடி ஐந்துக்கே மூடினான். வெள்ளிக்கிழமை மேல்தெருவைப் பற்றி வாரியம் பொதுக் கூட்டம் வைத்திருந்தது. மேல்தெருவில் வீட்டுக்கு வீடு மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள், அதனால்தான் பற்றாக்குறை, ஆகவே மேல்தெரு பைப்பை நிரந்தரமாக மூடிவிட்டுப் படியடியில் ஒரு பொதுக் குழாய் வைத்துவிடலாம் என்பது யோசனை. இன்றைக்குத் தண்ணீர் கொட்டினால் நாளைக்கு நூறு கேள்வி வரும், கூட்டம் முடியட்டும் என்று அவன் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டு போனான்.

அன்று மதியம் அடுப்படியில் பாத்திரம் விளக்கும்போது வெளியே ஏதோ உருண்டது. தடக், தடக், தடக். பிளாஸ்டிக் கேன் படிப்படியாக இறங்கும் ஓசை. எட்டிப் பார்த்தாள். தெரு வெறிச்சென்று கிடந்தது. அவள் வீட்டுக்கு அருகில் படியே கிடையாது.

அந்த ஓசையை அவள் ஒருமுறை நிஜமாகவே கேட்டிருக்கிறாள், நான்கு வருடத்துக்கு முன்.

மேல்தெருவின் கடைசி வீட்டில் ஒரு தையல்காரி இருந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் வாரம் தவறாமல் குழியடிக்கு வந்து நிற்பாள். இன்னும் கொஞ்சம் திறந்தால் என்ன குறைந்துவிடும் என்று சண்டை பிடிப்பாள். சாவியம்மா வேண்டியவர்களுக்குத் திறந்துவிட்டு வேண்டாதவர்களுக்கு அடைக்கிறாள் என்று கடைவீதியில் நின்றே பேசினாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் சாவியம்மா அவள் கையைப் பிடித்து, தன் மகள் தலைமேல் சத்தியம் செய்தாள், வால்வை முழுதாகத்தான் திறக்கிறேன் என்று. அதோடு தையல்காரி வருவதை நிறுத்தினாள். அடுத்த மாதம் கீழிருந்து இரண்டு கேன் சுமந்து படியேறியவள் சறுக்கி விழுந்தாள். அப்போது அவளுக்கு ஏழு மாதம். கேன்கள் அடிப்படிவரை உருண்டு வந்தன. அவள் பிழைத்தாள். வயிற்றில் இருந்தது பிழைக்கவில்லை.

இப்போது சாவியம்மாவின் மகள் பிரசவத்துக்கு வந்து பக்கத்து அறையில் படுத்திருந்தாள். அவளுக்கும் ஏழு முடிந்து எட்டு.

செவ்வாய், புதன், வியாழன். மூன்று காலையும் சாவியம்மா மேல்தெரு வால்வை ஐந்து சுற்றே திறந்தாள். அறியாமல் செய்த பதினோரு வருடம் ஒரு பக்கம், அறிந்தே செய்த இந்த மூன்று நாள் ஒரு பக்கம். இந்த மூன்று நாள்தான் கனத்தது. சாவியை இறக்கும்போதெல்லாம் புருஷன் தோளுக்குப் பின்னால் நின்று எண்ணினான். ஐந்து வந்ததும் அவன் மூச்சு நின்றுபோகும். திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.

வியாழன் சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னாள், சத்தியத்தைத் தவிர. மகள் வயிற்றைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்? அப்பா பேருதான் கெடும். உன் வேலையும் போகும். அந்தக் கொழந்த திரும்பி வரப்போகுதா?"

"வராது."

"அப்புறம் என்ன?"

சாவியம்மா மகளின் தலையைத் தடவப் போன கையைப் பாதியிலேயே இழுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, வால்வு திறக்கும் நேரத்துக்கு முன்பே, பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் நடந்தது. வாரியத்தில் ஒரு நல்ல விதி இருந்தது. ஒரு தெருவின் பைப்பை மூடுவதென்றால், அந்தத் தெருவுக்கு முழு அளவில் தண்ணீர் விடப்பட்டது என்று வால்வு திறப்பவர் எல்லார் முன்னிலும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விதி போட்டவர்கள் நியாயத்துக்காகத்தான் போட்டார்கள். ஆனால் எந்தத் தெருவிலும் அது ஒரு சடங்காகவே முடிந்திருந்தது. முன்வரிசையில் வாரியத்து அதிகாரியம்மா, பின்னால் மேல்தெருச் சனம். கடைசி பெஞ்சில் தையல்காரி. அன்றும் மடியில் யாருடைய சட்டைக்கோ பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

மோட்டார்களின் எண்ணிக்கையை ஒருவர் வாசித்தார். மேல்தெருக்காரர் ஒருவர் எழுந்து, தண்ணீர் வந்தால் நாங்கள் ஏன் மோட்டார் வாங்கப் போகிறோம், அதைத் தலையில் வைத்துக் கொண்டாடவா என்றார். கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் கூச்சல். பிறகு காகிதம் சாவியம்மா முன்னால் வந்தது. பேனாவும் வந்தது. பிட்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பேனாவை எடுத்தாள். அந்தப் பேச்சிரைச்சலுக்கு நடுவிலும் கேன் உருண்டது. தடக், தடக், தடக்.

"மேடம், நான் முழுசாத் திறக்கல" என்றாள்.

பதினோரு வருடத்தையும் அவள் நின்றபடியே சொன்னாள். சிமெண்ட் பைப்பை, வாய் உத்தரவை, ஐந்து சுற்றை, திங்கட்கிழமையை, அதற்குப் பிறகான மூன்று நாளை. பிட்டரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவனே முன்னால் வந்து, இருபத்துநாலு சுற்று, நான் எண்ணினேன் என்றான். அதிகாரியம்மா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்தார். வால்வைப் பார்க்க வேண்டும் என்றார்.

மண்டபமே படியடியில் இருந்த மேல்தெருக் குழிக்கு வந்தது. சாவியம்மா சாவியை இறக்கினாள். ஐந்துவரை புருஷன் கூடவே எண்ணினான். ஆறாவதில் அவள் தனியாக இருந்தாள். முதுகு வலிக்க, வியர்வை கண்ணில் இறங்க, இருபத்துநாலுவரை திருகினாள். தரைக்கடியில் ஏதோ பெருமூச்சு விட்டது. சற்று நேரத்தில் மேலிருந்து தண்ணீர், தண்ணீர் என்று குரல்கள் இறங்கி வந்தன. மேல்தெருச் சனம் படிகளில் ஓடியது.

தையல்காரி ஓடவில்லை. குழியின் விளிம்பில் நின்றாள்.

"அக்கா, நீங்க அன்னிக்கி சத்தியம் பண்ணீங்க."

"முழுசுன்னுதாம்மா நெனச்சேன்."

"நீங்க சத்தியம் பண்ணதாலதான் நான் சண்டை போடுறத விட்டேன்" என்றாள் தையல்காரி, குரலை உயர்த்தாமல். "அதுக்கப்புறந்தான் தூக்க ஆரம்பிச்சேன்."

சாவியம்மா வாய் திறந்தாள். மன்னிப்பு என்ற சொல்லுக்கு அங்கே கால் வைக்க இடம் இல்லை. சாவியைக் குழியிலிருந்து உருவினாள்.

பைப்பை மூடும் யோசனை அன்றோடு கைவிடப்பட்டது. ஒவ்வொரு குழி மூடியின் உள்பக்கமும் சுற்றுக் கணக்கைப் பெயிண்டில் எழுத வேண்டும், மாற்றினால் தேதியோடு எழுத வேண்டும், தெருக்காரர் யார் கேட்டாலும் மூடியைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று வாரியம் உத்தரவு போட்டது. இம்முறை எழுத்தில். சாவியம்மாவுக்கு ஒரு மாதம் தற்காலிக நீக்கம். மகளுக்குச் சுகப்பிரசவமாகிப் பெண் குழந்தை பிறந்தது. வீட்டில் எல்லாரும் சிரித்த அந்த நாளில் அவள் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

மாதம் முடிந்ததும் அதிகாரியம்மா அவளை வேறு வட்டத்துக்கு மாற்றித் தருவதாகச் சொன்னார். சாவியம்மா வேண்டாம் என்றுவிட்டாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் காலை, குழியடியில் தையல்காரி நின்றிருந்தாள். சாவியின் ஒவ்வொரு சுற்றுக்கும் உதடுகளை அசைத்து எண்ணினாள். இருபத்துநாலு வந்ததும் படியேறிப் போனாள். மறுநாளும் வந்தாள். மழையிலும் வந்தாள். வருடம் ஒன்று ஆயிற்று, இருவருக்கும் இடையில் ஒரு வார்த்தை இல்லை.

ஒரு காலை அவள் வரவில்லை. காய்ச்சலாம், வழியில் போன ஒருவர் சொன்னார். சாவியம்மா மூடியைத் தூக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் படிகளையே பார்த்தாள். பிறகு சாவியை இறக்கினாள். ஒன்று என்றாள். கனைத்துக்கொண்டு, உச்சிப்படியின் கடைசி வீடுவரை கேட்க வேண்டும் என்று, குரலை ஏற்றி இரண்டு என்றாள்.