சூடு ஆறாத பொந்து

என் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு முழம் கம்பிவலை தொங்குகிறது. நடுவில் வெட்டுப்பட்ட வலை. வெட்டியவர் எங்கள் மேஸ்திரி. காஞ்சிபுரத்தில் ஒரு கோபுரத்துக்குத் திருப்பணி நடந்தபோது நான் அவரிடம் சித்தாளாக இருந்தேன்.

புறா எச்சம் புதுப்பூச்சைக் கெடுக்கிறது, பொந்துகளையெல்லாம் அடைத்துவிடு என்றார் கான்ட்ராக்டர். புறாவுக்குப் பொந்து எதற்கு? அது கோபுரத்துச் சுதைப் பொம்மைகளின் தோளிலும் மடியிலும் கூடு கட்டும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு இது தெரியாது. பொந்துக்காரர்கள் வேறு: கிளி, மைனா, அணில், ஆந்தை, வௌவால். ஒற்றுமை என்று யாரும் உருக வேண்டாம். கிளி மைனாவைக் கொத்தும், மைனா அணிலைத் துரத்தும், எந்நேரமும் சண்டைதான். ஆனால் ஒருவருக்கு விடிகிறபோது இன்னொருவருக்குப் பொழுது சாயும். ஒருவர் பழம் தின்றால் இன்னொருவர் எலி தின்பார். அதனால்தான் அத்தனை பேரும் ஒரே கோபுரத்தில் பிழைத்தார்கள்.

பகலில் சத்தமில்லாத பொந்துகளாகப் பார்த்து வலை அடித்தோம். சாயங்காலம் உள்ளிருந்து ஆந்தைகள் வலையைப் பிராண்டின. குஞ்சுகளுக்கு இரையோடு திரும்பிய கிளிகள் வெளியிலிருந்து மோதிக் கதறின. அந்தச் சத்தத்தில் சாரமே அதிர்ந்தது.

"பகல்ல அடச்சா ஆந்தை மாட்டுது, ராத்திரில அடச்சா மைனா மாட்டுது. காலியா இருக்கிற நேரமே கெடையாது சார்," என்று மேஸ்திரி மேலிருந்து கத்தினார். "எங்க வூட்டுக் கட்டில் மாதிரி. பெரியவன் கம்பெனில நைட் ஷிப்ட், சின்னவன் பகல் ஷிப்ட். கட்டில் சூடு ஆறுறதே இல்ல."

"உன் கட்டில் கதையெல்லாம் கேக்க நேரமில்ல. வலைல கை வச்சே, நாளைக்கு வேலைக்கு வராத," என்றார் கான்ட்ராக்டர்.

"வரல போ. அதே கட்டில்ல நானும் ஒரு ஷிப்ட் தூங்கிக்கினு கெடக்கிறேன்." என் பக்கம் திரும்பினார். "கழிய கெட்டியா புடிம்மா."

வெளிச்சம் போவதற்குள் ஒன்று விடாமல் வெட்டினார். ஒரு ஆந்தை அவர் கையைக் கிழித்துவிட்டுத்தான் பறந்தது. "நன்றி கெட்ட நாய்," என்று திட்டிக்கொண்டே அடுத்த பொந்துக்கு ஏறினார்.

சொன்னபடியே அவர் வேலை போயிற்று. வேறு ஆட்கள் வந்து, வெட்டுப்பட்ட வலைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, எல்லாவற்றையும் திரும்ப அடைத்தார்கள். இன்று கோபுரம் பளபளக்கிறது. யாரை விரட்ட அடைத்தார்களோ அந்தப் புறா பொம்மைகளின் மடியில் சுகமாக உட்கார்ந்திருக்கிறது. போனவர்கள் மற்றவர்கள். மடப்பள்ளியில் எலி பெருத்துவிட்டது என்று இப்போது விஷம் வைக்கிறார்களாம். வைக்கட்டும்.

பழைய இரும்புக்காரனிடம் போடச் சொல்கிறார்கள் வீட்டில், அன்று நான் எடுத்துவந்த இந்த வலையை. போட மாட்டேன். மேலே பொந்துகளெல்லாம் சூடு ஆறிக் கிடக்கின்றன. அவர் வெட்டிய ஓட்டையில் என் கை நுழைகிறது. ஒரு ஆந்தை தாராளமாக நுழையும்.