ஆடி மாதத்துக் கிட்டங்கி

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். வாடிப்பட்டிப் பக்கத்தில் பிறந்து, மதுரையில் மூட்டை தூக்கி, முப்பத்தாறு வயதில் மூன்று லாரிகளுக்குச் சொந்தக்காரன் ஆனேன். முத்திருளன் லாரி என்றால் செல்லூரில் வழிவிடுவார்கள். வழி விட்டார்களே தவிர இடம் விடவில்லை. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

1981. செல்லூரில் என் பார்சல் ஆபீஸ் பத்தடிக்கு எட்டடி. கோயம்புத்தூர் மில்லிலிருந்து வரும் நூல் சிப்பங்களை இறக்கி, தறிக்காரர்களுக்குக் கொடுப்பது வேலை. அங்கே வீட்டுக்கு வீடு தறி. தறி போக மிஞ்சிய இடத்தில்தான் ஆட்களே படுத்தார்கள். ஒரு வீட்டில் இரண்டு சிப்பத்துக்கு மேல் வைக்க முடியாது.

ஆடி பிறக்கும் முன்பு நூல் ஏஜென்டு சின்னச்சாமி கூப்பிட்டு அனுப்பினார்.

"முத்திருளா, மொத்தமா ஐந்நூறு சிப்பம் வருது. ரெண்டு மாசம் வச்சு வச்சுக் குடுக்க இடமிருந்தா லோடு பூரா உனக்குத்தான். ஒரு சிப்பம் நனைஞ்சாலும் அடுத்த லோடு வேற ஆளுக்கு."

"இடம் இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இடம் கிடையாது.

ஐந்து நாள் அலைந்தேன். வெல்ல மண்டி, பஞ்சுக் கிட்டங்கி, பழைய தீப்பெட்டி ஆபீஸ் எல்லாவற்றிலும் கூரை வரை சரக்கு. ஒரு மாட்டுக் கொட்டகையைக் கேட்கப் போனேன். அதற்குள் லேத் ஓடிக்கொண்டிருந்தது, மாடு தெருவில் நின்றது. ஆறாம் நாள் ஆண்டிச்சாமியின் கல்யாண மண்டபத்தைப் பார்த்தேன். பூட்டிக் கிடந்தது. ஆடியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? மதுரையில் அம்புட்டு முதலாளிகள் இருந்தார்கள். இது என் ஒருவன் மண்டைக்குத்தான் எட்டியது.

ஆண்டிச்சாமி சாவியைக் கொடுத்து, "மாப்ள, மணமேடையில மட்டும் ஏத்திராத. ஆவணி மொத முகூர்த்தத்துக்கு முன்னாடி காலி பண்ணிரணும்" என்றார்.

முதல் முகூர்த்தம் எப்படியும் பத்தாம் தேதிக்கு மேல்தான் வரும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். காலண்டரைப் பார்க்கவில்லை. அது என் தப்பு. ஆடி இருபத்தெட்டாம் தேதி ஆண்டிச்சாமி வந்தபோது மணமேடை மேலும் அறுபது சிப்பம் இருந்தது.

"ஆவணி நாலாந் தேதி கல்யாணம்யா. பொண்ணு வீட்டுக்காரன் வெளிய நிக்கிறான். மாப்பிள்ளையை எங்க உக்கார வைக்க, சிப்பத்து மேலயா?"

"மெத்துன்னுதாண்ணே இருக்கும்."

"ஒன்னைய மெத்துனு வாயிலயே போடுவேன். நாளை மறுநாள் மண்டபத்தைக் கழுவணும்."

அதுவரை நூற்றிருபது சிப்பம்தான் தறிகளுக்குப் போயிருந்தது. மிச்சம் முந்நூற்றெண்பதையும் மூன்று லாரிகளில் ஏற்றிப் படுதா போட்டுக் கட்டினேன். நிறுத்த இடமில்லை. சந்தில் நின்றால் ஜனம் திட்டியது, ரோட்டில் நின்றால் போலீஸ் விரட்டியது. வாடிப்பட்டி போனோம். அரிசி மில் களத்தில் நெல் காய்ந்தது. திரும்பித் திருச்சி ரோட்டைப் பிடித்தோம். இரண்டு நாளாக என் சரக்கு சக்கரத்தின் மேலேயே குடியிருந்தது. நான் முன் லாரியில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்தபடியே போனேன்.

கொட்டாம்பட்டி தாண்டியதும் டிரைவர் கருத்தக்கண்ணன், "இதுக்கு மேல என்னால முடியாதுண்ணே" என்று ரோட்டோரத்துத் தரிசில் வண்டியை இறக்கிவிட்டான். மற்ற இரண்டும் பின்னால் இறங்கின.

கையில் அரிவாளோடு ஒரு அம்மாள் வந்தார். பெயர் செல்லக்கிளி. இருபது வருடம் அடுத்தவர் வயலில் கூலிக்கு நடவு நட்டு, அந்த இரண்டு ஏக்கரை வாங்கியவர்.

"யாரைக் கேட்டு எறக்குன?"

"மழை இல்லாம சும்மாதானக்கா கெடக்கு."

"ஒன் வீட்டு அடுப்பும்தான் சாயங்காலம் சும்மா கெடக்கும். நான் வந்து ஏறி உக்காரவா?"

சிரித்துவிட்டேன். நானும் கூலியாய் இருந்து மேலே வந்தவன்தான் என்று சொன்னேன். அவர் அசரவில்லை. கடைசியில், ஓரமாகக் கொட்டகை போட்டுக்கொள்ளச் சம்மதித்தார். "ஆனா மழை பேஞ்சா உழுவேன். குறுக்க நின்னா உன்னையும் சேத்து உழுதுருவேன்."

ஒன்பதே நாளில் மூங்கிலும் தகரமும் வைத்துக் கொட்டகை எழுப்பினேன். ஆறு ஆள் வேலையை நான் ஒருவன் பார்த்தேன். அந்த ஒன்பது நாளும் மேகம் கூடும்போதெல்லாம் செல்லக்கிளி வரப்பில் வந்து நிற்பார். மழையை அவர் வா என்பார், நான் போ என்பேன், வாய்க்குள்தான். சரக்கை உள்ளே அடுக்கிய மறுநாள் மத்தியானம் மழை பிடித்து ஊற்றியது. தகரத்தின் கீழே கை வைத்து வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் செல்லக்கிளி ஏரோடு வந்துவிட்டார். இரண்டு சால் ஓட்டியதும் கொழு மண்ணில் இறங்காமல் எகிறியது. லாரிகள் போய்வந்த தடம் கல்லாய் இறுகியிருந்தது.

"எம்புட்டு நாள் சேத்த காடு தெரியுமா இது? இன்னைக்கே சரக்கை எடுத்துட்டுப் போயிரு" என்றார். அவர் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வெளியே எடுத்தால் எங்கே கொண்டு போவேன்? மேகம் இன்னும் கலையவில்லை.

சட்டையைக் கழற்றி லாரியில் எறிந்தேன். கடப்பாரையை எடுத்து முதல் தடத்தைக் குத்தினேன். கருத்தக்கண்ணனும் லோடுமேன்களும் வந்து சேர்ந்தார்கள். இரண்டு நாள் கொத்தினோம். உள்ளங்கைத் தோல் உரிந்தது. செல்லக்கிளி கட்டியை மிதித்துப் பார்த்து, "இன்னும் ஆழமா" என்பார். கொத்தினேன். மூன்றாம் நாள் கொட்டகையை மட்டும் விட்டுவைத்து, அதன் ஓரம் வரை உழுதார். லாரி உள்ளே வர வழியில்லை. கொட்டகையிலிருந்து ரோடு வரை வரப்பு வழியாகத் தலையில் சுமக்க வேண்டியது. முதல் சிப்பத்தை நான்தான் சுமந்தேன், மூன்று லாரிக்காரன்.

புரட்டாசியில் சரக்கு முழுதும் தறிகளுக்குப் போனது. ஒன்றும் நனையவில்லை. சின்னச்சாமி ஒரு சிப்பத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார்.

"அடுத்தது எண்ணூறு. இடம் இருக்குல்ல?"

"இருக்குண்ணே."

கொட்டகை முந்நூற்றெண்பதுக்கே பிதுங்கியது, சுற்றிலும் சோளம் முளைத்துவிட்டது. சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகவில்லை. மேலூர் பஸ்ஸில் ஏறி, உட்கார இடமிருந்தும் உட்காராமல், இரு பக்கமும் காலி நிலம் தேடிக்கொண்டே போனேன்.