பிரேக் அக்காவின் பின்சீட்டு

அக்காவுக்குச் சாலையில் ஒரு கண் என்றால், பின்சீட்டில் பெல்ட் போட்டுக் கட்டியிருக்கும் கூடையின்மேல் இன்னொரு கண். வேகத்தடையில் கூடை அலுங்காமல் ஏறி இறங்கினால் அவர் முகம் மலர்கிறது. "வீட்டுல யார் யார் இருக்கீங்க? பால்கனிக்கு வலை போட்டிருக்கா?" என்று மெல்ல விசாரிக்கிறார். கார் ஓட்டக் கற்க வந்தவர் திருதிருவென்று விழிக்கிறார்.

டிரைவிங் ஸ்கூலில் அவருக்கு 'பிரேக் அக்கா' என்று பெயர். தெருவில் அடிபட்டுக் கிடக்கும் பூனைகளைத் தூக்கி வந்து தேற்றுவார். தேறியதும் கூடையில் வைத்து வகுப்புக்குக் கொண்டுவருவார். யார் பதமாக பிரேக் போடுகிறாரோ, அவர் வீட்டுக்குத்தான் பூனை. "வாய் என்ன வேணா சொல்லும். பிரேக் மிதிக்கிற கால் பொய் சொல்லாது" என்பார். ஒற்றைக்கண்ணி வரும்வரை இந்தக் கணக்கு பிசகியதே இல்லை.

ஒற்றைக்கண்ணி யாரையும் அண்டவிடாத சாம்பல் நிறப் பூனை. முதலில் கொண்டுபோன வங்கி அதிகாரி பூப்போல பிரேக் போடுகிறவர். ஒரே வாரத்தில் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். "கட்டிலுக்கு அடியில இருந்து வெளியவே வரலைங்க." அடுத்து வாங்கிப்போன நர்ஸம்மாவும் அதையேதான் சொன்னார். அக்கா குடியிருக்கும் வீட்டின் உரிமையாளரோ, "இந்தப் பூனை போகலைன்னா நீங்க காலி பண்ணுங்க" என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

"ரெண்டு பேர் பிரேக்லயும் ஒரு குறை சொல்ல முடியாதே! அப்புறம் எங்க தப்பு?" என்று கணவரிடம் புலம்பினார் அக்கா.

"பூனைக்கு பிரேக் தெரியுமா?" என்றார் அவர். அதுவரை இருந்த குழப்பம் போதாதென்று இது வேறு.

ஓட்டக் கற்க வந்தவர்களில் ஒரு சலவைக்கடைக்காரர் பிரேக் போட்டால் பல் ஆட்டம் காணும். அவர் வகுப்புக்கு அக்கா கூடையையே எடுத்துவர மாட்டார். அன்று வீட்டில் வெள்ளையடிக்க ஆள் வந்திருந்ததால் வேறு வழியில்லை.

நாற்சந்தியின் நடுவில் கார் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. கூடையின் மூடி தெறித்துத் திறந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. சலவைக்கடைக்காரர் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டார். "இது எனக்கு வராதுக்கா, விட்டுடுங்க" என்றார் கண் கலங்க. அப்போது ஒற்றைக்கண்ணி இரண்டு சீட்டுக்கும் நடுவில் நுழைந்து வந்து, அவர் மடியில் ஏறி, சுருண்டு படுத்தது.

"அக்கா, இப்ப நான் என்ன பண்ணணும்?" என்றார் மூச்சை அடக்கிக்கொண்டு.

கிளட்ச், கியர் என்று தூக்கத்தில்கூட உத்தரவு போடும் அக்கா உதட்டைப் பிதுக்கினார். "தெரியலையே தம்பி."

"வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா? கடையில துணிமூட்டை நிறைய இருக்கு, மெத்துன்னு படுத்துக்கும்."

"உங்க பிரேக்கை நம்பி எப்படி..." என்று இழுத்தவர், "சரி, கூட்டிட்டுப் போங்க" என்று முடித்தார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை.

அக்கா கதவைத் திறந்து இறங்கினார். நடுச்சாலையில் காருக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஒரு விரலை உதட்டில் வைத்து, அலறிக்கொண்டிருந்த லாரியை மறு கையால் ஓரமாகப் போகச் சொன்னார்.